ஹெல்மெட் வீரனின் குரல்

ஃபைபர் தலைக்குள் இருந்து பேசினால் குடத்துக்குள் பேசுவது போலத்தான் கேட்கும், சார். அதனால்தான் விமல்ராஜ் என்னிடம் வந்தான். கம்பெனியில் பாதுகாப்பு வார விழா. அவனுக்கு ஹெல்மெட் வீரன் வேஷம். கழுத்துவரை மூடும் மஞ்சள் தலை, இரண்டு கைக்கும் பெரிய ஸ்பாஞ்சு உறை. நான் அங்கே மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் மணிவேல். எனக்கு அது பெரிய வேலையில்லை. மோவாய்ப் பக்கம் மைக், முதுகில் பேட்டரி, சின்ன ஆம்ப்ளிஃபையர், மார்பில் ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரிமோட்டும், மைக்கில் வருவதைக் கேட்க ஒரு ஹெட்போனும் என் கையில்.

முதலில் ஊளையிட்டது. ஸ்பீக்கர் சத்தம் மூச்சு ஓட்டைகள் வழியாகத் திரும்ப மைக்குக்குப் போனால் அப்படித்தான். ஓட்டைகளை ஃபோம் வைத்து அடைத்தேன். ஊளை நின்றது, ஆனால் விமல்ராஜுக்கு இரைத்தது. அவனுக்கு வீசிங் உண்டு, பாக்கெட்டில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஃபோமை எடுத்துவிட்டு மைக்கை நகர்த்தி வைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. அதுவரை என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள், பாகலூர் போகும் கம்பெனி பஸ்ஸில் அவன் கங்கப்பனைப் பற்றிப் பேச்செடுத்தான். கங்கப்பன் எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் விரல்களை இழந்தவர். அவருடைய கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை நான்தான் துண்டித்து வைத்திருந்தேன். அது விமல்ராஜுக்குத் தெரியும். அந்த சென்சாரால் லைன் அடிக்கடி நின்றது, ப்ரொடக்ஷன் ஆட்கள் நச்சரித்தார்கள். என் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள்.

"நாளைக்கு மேடையில சொல்லிடப் போறேன்ணா," என்றான் விமல்ராஜ். "உங்க பேரச் சொல்ல மாட்டேன். சென்சார் கட்டாகி இருந்துச்சுன்னு மட்டும். பாவம், அந்த மனுசன் மேல தப்பில்லன்னு தெரியணும்ல."

பேர் சொல்லாவிட்டால் என்ன, சார்? அந்த பிரஸ்ஸில் கை வைக்கும் எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தான். தைரியமாகப் பேசு என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஃபோமைத் திரும்ப வைத்து, உள்பக்கம் டேப் ஒட்டினேன். மேடைக்குப் பின்னால் அவனுக்குத் தலையை மாட்டியதும் நான்தான். ஆடும்போது கழன்றுவிடக் கூடாதென்று கழுத்துப் பட்டையை ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். இன்ஹேலரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். யோசிக்காமல் கொடுத்தான்.

அவன் மனைவி ரேவதி எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். பாட்டு முடியும்வரை நன்றாகவே ஆடினான். பிறகு மைக்கில் பேச வாயெடுத்தான். நான் சத்தத்தைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பாஞ்சுக் கைகளால் தலையில் அடித்துக்கொண்டான். கூட்டம் சிரித்தது, விசில் அடித்தது.

"அண்ணா, அவரு குரலே கேக்கலயே," என்றாள் ரேவதி.

"நடிப்புதாம்மா. வீரன் மயங்கி விழுற சீன்."

அவளும் கை தட்டினாள்.

ஹெட்போனில் எனக்குக் கேட்டது. கங்கப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மணியண்ணா, கழட்டுங்கண்ணா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு வெறும் இரைப்பு. அவன் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆட்கள் மேடைக்கு ஓடினார்கள். ஸ்க்ரூ டிரைவர் என் பையில் இருந்தது. எல்லோரும் தேடியபோது நானும் சேர்ந்து தேடினேன்.

சத்தத்தைக் குறைத்தது போதாதா, ஓட்டையை ஏன் அடைத்தாய் என்று கேட்கிறீர்கள். போதாது, சார். அன்றைக்குப் பேசாவிட்டால் அடுத்த நாள் பேசியிருப்பான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை பேர் இருந்த இடத்தில் கடைசியாக அவன் கூப்பிட்டது என்னைத்தான், கட்டின பெண்டாட்டியைக் கூட இல்லை. எங்களுக்குள் அப்படி ஒரு பாசம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.