பயப்படத் தெரியாத குஞ்சுகள்

"முட்டை போடாத கிழட்டுக் கோழியக் காசு குடுத்து வாங்கின ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன் புள்ள."

மாங்கேணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்த இளைய பெண்ணிடம் சொன்னார். அந்த இளையவரின் மடியில் ஒரு கூடை. அதற்குள் கோழி.

"முட்டைக்கு இல்லக்கா. என்ட குஞ்செல்லாம் மெசின்ல பொரிச்சது. தாய் இல்லாம வளந்ததால பயப்படத் தெரியா. பருந்து வந்தா அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்குதுகள். பாதி போயிற்று."

"நீ கத்தி எச்சரிக்கிறதுதானே?"

"கோழி மாதிரியே கத்தினன். பக்கத்து வீட்டுக் குஞ்செல்லாம் ஓடி வேலிக்குள்ள ஒளிச்சிற்று. என்டதுகள் அசையல்ல. கத்திக்கொண்டு கூட ஓடிக் காட்ட ஒரு தாய் இல்லையே."

மூத்தவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இது உன்ட குஞ்சுகளச் சேக்காம கொத்தி விரட்டினா?"

"விரட்டினா வேற கோழி வாங்குவன். மிச்சத்தப் பருந்துக்குக் குடுக்கமாட்டன்."

ஓட்டமாவடி தாண்டியதும் பஸ் குலுங்கியது. கோழி பலமாகக் கத்தத் தொடங்கியது. நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் கோழிட வாயக் கொஞ்சம் பொத்துங்க."

"பொத்தினா இத நான் என்னத்துக்கு வாங்கினன் தம்பி? கத்தட்டும்."