படத்தில் செத்தவர்

ஹலோ... ஹலோ, முன்னாள் படைவீரர் நல அலுவலகமா?... அப்பாடா, இப்பவாவது எடுத்தீங்களே! நாலு தடவை அடிச்சுட்டேன். நாலு தடவையும் உங்க போன்ல அந்தச் சினிமாப் பாட்டுதான் ஓடுது... ஆமா, ஆமா, அந்தப் போர்ப் படத்துப் பாட்டுதான்... நல்ல பாட்டுதான் தம்பி, யாரு இல்லைன்னா? ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு கேட்டுப் பாருங்க, தெரியும்.

...நானா? அந்தப் படத்துல காட்டுறாங்களே மலைச் சண்டை, அதுல நிஜமா இருந்த சார்ஜன்ட்டோட வீட்டுக்காரி... எதுக்கு அனுதாபம்?... என்ன இழப்பு? ஏழாம் நம்பர் கட்டில்ல படுத்துக்கிட்டு, ஜன்னலைச் சாத்தாதேன்னு நர்ஸம்மாகூட மல்லுக்கு நிக்குது என் இழப்பு!

...உயிரோடதான்... ஆமா தம்பி, மூச்சு விடுறாரு, சாப்பிடுறாரு, என்னைத் திட்டுறாரு. காலுதான் புரையோடிப் போச்சு. இன்னிக்கு ஆபரேஷன் பண்ணினா பாதத்தோட போகும், நாளைக்குன்னா முட்டிக்கு மேல எடுக்கணும்ங்கறாங்க. உங்க ஒப்புதல் கடுதாசி ஒரு மணிக்குள்ள வந்தாத்தான் தியேட்டருக்குள்ள விடுவாங்களாம்... சினிமா தியேட்டர் இல்ல தம்பி! ஆபரேஷன் தியேட்டர்! உங்களுக்கு வேற நினைப்பே வராதா?

...பாருங்க, பைலை நல்லாப் பாருங்க... என்ன போட்டிருக்கு? வீரமரணமா?... யாரு ஏத்தினது?... எப்போ?... போன வருஷமா? அதானே, படம் வந்த வருஷம்!... படத்துக் கடைசியில எழுத்து ஓடுச்சு, அதைப் பார்த்து எழுதிக்கிட்டீங்களா? அடக் கண்றாவியே!

...சிரிக்கல. வயிறு எரியுது. எங்க வீட்டுக்காரரைத்தான் படத்துல கதாநாயகனாக்கினாங்க; கதாநாயகன் செத்தாத்தான் ஜனங்க அழுவாங்கன்னு டைரக்டர் கொன்னாரு. அது அவரு பொழப்பு. உங்களுக்கு என்ன கேடு? போன மாசம்கூட உங்க கவுன்ட்டர்ல ஒரு மணி நேரம் ஒத்தக்கால்ல நின்னுட்டு வந்தாரு. உக்காருங்கன்னு ஒரு நாய் சொல்லல. சுவத்துல மட்டும் நடிகர் படம், ஆளுயரத்துக்கு. உயிரோட இருக்கறவனுக்குப் பாடை கட்டிட்டு, செத்த மாதிரி நடிச்சவனுக்குப் படம் மாட்டுறீங்க. இடைவேளைக்கு முன்னாடி கதாநாயகியோட ஆடினாரே, அதையும் பைல்ல ஏத்தியாச்சா?

...அழைப்பிதழா? வந்துச்சு, கையிலதான் இருக்கு. ‘வீரரின் துணைவியார்’னு போட்டிருந்ததா, நானும் பூரிச்சுப் போயிட்டேன். இப்பத்தானே அர்த்தம் புரியுது. நாளைக்குப் பத்து மணிக்கு நினைவுக்கல் திறப்பு. திறக்கறவரு பேரு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. உசிரை விட்டவங்க பேரெல்லாம் கீழே எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. என் கண்ணுக்கு எட்டல, படிக்கவும் இல்ல.

...நடிகர் கையால கேடயம் வாங்கணுமா?... சரி. எந்த வசனத்துல கண்ணைத் துடைச்சுக்கணும், அதையும் சொல்லிடுங்க... வர்றேன், வர்றேன். அவரையும் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டு வர்றேன். கேமராவெல்லாம் வரும்ல? செத்தவரு யாரு, நடிச்சவரு யாருன்னு ஜனங்களே பார்த்துக்கட்டும்... ஏன் பதறுறீங்க?... பெரிய அதிகாரி பேசுறாரா? குடுங்க. அந்தப் பாட்டை மட்டும் போட்டுத் தொலைக்காதீங்க.

...வணக்கம் சார்... ஆமா... ஆமா சார்... இப்பவே கையெழுத்தா? அட! காலுக்கு நகராத பேனா கேமரான்னதும் ஓடுதே... என்ன? மெதுவாச் சொல்லுங்க... கல்லை இனிமே திருத்த முடியாது... அவரு பேரு அதுல இருக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்... குடுத்தா கடுதாசி உடனே வந்துடும்... அடுத்த வாரம் பைல்லயும் உயிர் குடுத்துடுவீங்க. கடவுளுக்கு அடுத்தபடி நீங்கதான் சார்.

...ஒரு நிமிஷம். அவரைக் கேக்கணும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்காரு... ஏங்க! கல்லுல பேரு இருந்துட்டுப் போகட்டும், எழுதிக் குடுத்துடலாம். முட்டியாவது மிஞ்சும்... என்ன?... யாரு பேரு?... சரி, கேக்கறேன், கத்தாதீங்க.

சார், கல்லுல மொத்தம் எத்தனை பேரு?... பதினொண்ணு. அதுல வயர்லெஸ்காரன் ஒருத்தன், ‘ரேடியோ’ன்னு கூப்பிடுவாங்களாம், பத்தொம்பது வயசு... இல்லையா?... இன்னொரு தடவை பாருங்க... படத்துல அப்படி யாரும் இல்லையா?

படத்துல எப்படி சார் இருப்பான்? படத்துல கதாநாயகன் சாகறானே, அந்த மாதிரி மலையில நிஜமாச் செத்தது அவன்! அடிபட்டவங்களை மத்தவங்க தூக்கிக்கிட்டு இறங்கற வரைக்கும், வயர்லெஸ் பெட்டியை விடாம உக்காந்து பேசிக்கிட்டே இருந்தவன். அவன் உடம்பை முதுகுல போட்டு இறக்கினது என் புருஷன். அப்ப குண்டு பட்ட காலுதான் இது. படத்துக்காரன் அவன் சாவைப் பிடுங்கிக் கதாநாயகனுக்குக் குடுத்தான். நீங்க அவன் பேரை அடிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுட்டீங்க. கணக்குப் பதினொண்ணு சரியா வந்துடுச்சுல்ல, உங்களுக்கு அது போதும்!

...அவன் அக்கா இருக்காங்க சார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், தையல் கடை. அழைப்பிதழ் போச்சா?... அதானே. எங்க போகும்!

...தெரியுது, ஒரு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு... ‘ஒரு பேருதானே’வா?... இருங்க... ஏங்க, கெஞ்சிக் கேக்கறேன். செத்தவன் வரப்போறானா? காலைப் பாருங்க. எனக்காகவாவது...

...

...சார். இருக்கேன்... அவரு சொன்னதை அப்படியே சொல்றேன், எழுதிக்கங்க. ‘காலை எடுத்தா எடுத்துக்கட்டும். அவன் பேரை எடுக்க விடமாட்டேன்.’

...கேட்டேன் சார், கெஞ்சினேன். நாப்பது வருஷத்துல என் பேச்சை என்னிக்குக் கேட்டாரு?... ஆமா... ஆமா, முட்டிக்கு மேலதான். டாக்டரம்மா வர்றாங்க, நான்தான் சொல்லணும்... இல்ல, நான் அழல. உங்களுக்கு முன்னாடி அழுவேனா?

நாளைக்கு அவரால வர முடியாது. நான் வர்றேன், அந்த அக்காவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நடிகர் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு வைங்க. வைக்கிறேன்.