நெய்யாற்றங்கரையில் ஆளில்லாத வழி

— இறங்கியாச்சு மாமா. மடிச்சுக் கட்டின வேட்டியை அவுத்து விட்டாச்சு, தோள்ல கிடந்த துண்டும் கையில வந்தாச்சு. இனி போயிட்டு வாண்ணு ஒரு வாக்கு சொன்னியன்னா நான் ஏறிருவேன்.

— சைக்கிளை முதல்ல அயினி மரத்தில சாய்ச்சு வை மக்கா. இந்தப் பக்கமாட்டு சாய்ச்சா போதும். அந்தப் பக்கம் எடமில்ல.

— எடமில்லாம அங்க என்ன இருக்கு?

— ஒரு சாமானம். மழைக்கு ஓலை போட்டு மூடி வச்சிருக்கேன்.

— மாமா, நான் கச்சேரிக்குப் போற ஆளு. நிக்க நேரமில்ல.

— தாலுக்கா கச்சேரியில எழுத்து வேலை நானும் பாத்தவனாக்கும். அங்க ஓடிப் போய் ஆன காரியம் ஒண்ணும் நான் கண்டதில்ல. இரு. சொர்ணம், நம்ம உமையம்மாளுக்க மகன் கைலாசம் வந்திருக்கான், இன்னொரு தம்ளர் காப்பி கொண்டா.

— இன்னொரு தம்ளரா? உள்ள யாரு?

— பசு.

— பசு காப்பி குடிக்குமா?

— கர்க்கடக மாசத்து மழையில மட்டும். கருப்பட்டிக் காப்பி, சுக்கு தட்டிப் போட்டது. அதுக்குப் பெறவு கறந்தா பாலு தொண்டையில லேசா எரிக்கும், கேட்டியா. அதை விடு. நீ எதுக்கு இந்த வழி வந்தே? பாறசாலையிலேருந்து நெய்யாற்றின்கரைக்குப் பெரிய ரோடு நேரே கிடக்கே, உதியன்குளங்கரை, அமரவிளைப் பாலம்ணு.

— பெரிய ரோட்டுக் கதையைக் கேக்காதிய. கோயில் நடையில பெரியப்பா நிப்பாரு. இறங்கணும், வேட்டியை விடணும், துண்டை எடுக்கணும். எங்க போறேண்ணு கேப்பாரு, கச்சேரிக்குண்ணு சொல்லணும். நேத்தும் கச்சேரிக்குத்தான் போனேன், முந்தாநாளும் கச்சேரிக்குத்தான் போனேன். பெறவு டயரை அமுக்கிப் பாப்பாரு. விடை தந்த பெறவு, ஏறதுக்கு எனக்கு ஒரு மேடு வேணும், மேடு தேடி உருட்டணும். ஏறி நாலு மிதி மிதிச்சா வேலாயுதன் அண்ணாச்சி கடை. மறுபடி முதல்லேருந்து. நடந்து போறவனெல்லாம் என்னை முந்திப் போறான் மாமா.

— இறங்காம போனா என்ன?

— போனேனே ஒரு நாளு. அமரவிளையில பெரியாசான் குறுக்க வந்தாரு, மணியடிச்சிட்டு விலகிப் போயிட்டேன். சாயங்காலம் நான் வீடு சேருமுன்னே அவரு எங்க அம்மைகிட்ட வந்து உக்காந்திருக்காரு. உம்மகன் என்னை மாடுண்ணு நினைச்சு மணியடிச்சிட்டான்ணு. அம்மை அண்ணைக்குச் சோறு தின்னல்ல.

— மணியடிச்சது தப்பாக்கும். சரி, வடக்கு வழி? தனுவச்சபுரம், மாராயமுட்டம், பெருங்கடவிளை. சுத்துதான், ஆனா கண்ணுக்கு நல்லது. குன்றும் சரிவும் நல்லமிளகுக் கொடியும், அடியில ஆறு வளைஞ்சு கிடக்கும்.

— கண்ணுக்கு நல்லதுதான். மாராயமுட்டத்திலதானே நீங்க எனக்குப் பேசி வச்சிருக்க பெண்ணு வீடும் இருக்கு. மேட்டில சைக்கிளைத் தள்ளிட்டு, வேர்த்து வடிஞ்சு, அந்த வாசல் வழியாப் போறேன். நீலாம்பாளுக்க அப்பா இறங்கி வந்து, வண்டி கேடாச்சா மாப்பிளேண்ணு கேக்காரு. கேடு வண்டிக்கில்ல, எனக்குண்ணு எப்படிச் சொல்ல?

— சொல்லக்கூடாது. கல்யாணத்துக்குப் பெறவு தெரிஞ்சா போதும்.

— அதனாலயாக்கும் இந்த ஆத்தோர வழி. செங்கல் தாண்டி வயல்ல இறங்கினா ஒரு குஞ்சு இல்ல. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் ஆறு. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. நெய்யாறு எனக்கு எதிரே வருது, எங்க போறேண்ணு கேக்கல்ல. ஒரு மீன்கொத்தி மூங்கில்ல இருந்துது, அதுக்கும் இறங்க வேண்டாம். பாடிட்டே வந்தேன் மாமா. கடவில சுயம்புக்க தோணியில ஏறினா அக்கரையில கச்சேரி. இண்ணைக்கு முதல் ஆளா நான் போய் நிப்பேண்ணு நினைச்சேன். அப்பம் இந்த வாழைக்கு நடுவிலேருந்து எலே கைலாசம்ணு ஒரு சத்தம்.

— நான்தான்.

— நீங்கதான். பாறசாலை வடக்குத் தெருவில இருக்க வேண்டிய ஆளு. இஞ்ச என்ன செய்யிய?

— ஓணத்துக்கு ஏத்தன் வாழைக்குலை வெட்டணுமே. காவலுக்கு நானும் சொர்ணமும் வந்து குடில் போட்டோம். அதுவரைக்கும் இந்த வழி ஆளும் மாடும் அடைச்சுப் போகும், கேட்டியா. நான் வந்து இருந்த பெறவு என்ன மாயமோ, ஒருத்தரும் வாறதில்ல. மீன்காரி புஷ்பபாய் கூட என்னைக் கண்டா வயல்ல இறங்கி நீந்திப் போறா. பேச ஆளில்லாம நான் வாழைகிட்ட பேசிட்டு இருந்தேன். கேட்டுக் கேட்டு அதும் தலையைக் குனிஞ்சுது. நீ குலைப் பாரம்ணு நினைப்பே. இல்ல.

— இந்த வழியில ஏன் ஆளில்லண்ணு இப்பம் எனக்கு மனசிலாச்சு.

— ஏனாம்?

— ஒண்ணுமில்ல மாமா. போயிட்டு வாண்ணு சொல்லுங்க.

— சொல்லாம இருப்பேனா. காப்பி வரட்டும். உனக்க கஷ்டம் என்னண்ணா, சைக்கிளுக்கு வழி நீ காட்டுகே. முந்தி இஞ்ச வந்த முதல் சைக்கிள் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குள்ளது. அவரு கடவில குளிக்க இறங்கினாரு. சைக்கிள் அதுபாட்டுக்குச் சரிவில உருண்டு, ஆத்தோரமாவே பூவார் வரைக்கும் போயி, கடலைப் பாத்துட்டு, கடலேத்தத்தோட திரும்பி வந்துது. அவரு அப்பம்தான் தலை துவட்டுகாரு.

— வழியில யாரையும் கண்டு அது இறங்கல்லியா?

— இறங்கதுக்கு அதுக்கு மேல ஆளில்லியே.

— மாமா, எனக்குச் சிரிக்க நேரமில்ல.

— சிரிக்கச் சொன்னேனா? நடந்ததைச் சொன்னேன். நான் பெருங்கடவிளையில குடியிருந்த காலத்தில, எழும்பத் தோணாத நாளு தலைப்பாகையை மட்டும் ஆத்தில விட்டுருவேன். அது ஒழுக்கில போயி மணிக்கு முந்தி கச்சேரிக் கடவில போய் ஒதுங்கும். சேவகன் எடுத்து உணத்தி என் மேசையில வைப்பான். தாசில்தார் கண்டுட்டுப் போவாரு. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஓடிச்சு. ஓணத்துக்கு உத்தியோக உயர்வு வந்துது, தலைப்பாகைக்கு.

— இப்பம் உள்ள தாசில்தாருக்குத் தலைப்பாகை போதாது. அதுக்குள்ள தலையும் வேணும். இண்ணைக்கும் மணிக்குப் பிந்தினா என்னைத் தேவிகுளத்துக்கு மாத்திருவேண்ணு சொல்லியாச்சு.

— ஒரக்கச் சொல்லு மக்கா, எனக்கு இந்தக் காது மந்தம்.

— தேவிகுளம். மலைக்கு மேல. அட்டையும் குளிரு காய்ச்சலும் உள்ள எடம்.

— அதுக்கென்ன. உமையம்மாளையும் கூட்டிட்டுப் போ.

— அம்மைக்கு இருட்டினா கண்ணு தெரியாது. கூடப்பிறந்த உங்களுக்கு அது தெரியாதா? அடுப்புக்கு நேரே கையை நீட்டிப் பாத்துத்தான் தீ உண்டாண்ணு அறியுகா. நடந்து வந்து போன காலத்தில நான் வீடு சேரயில இருட்டிரும். இருட்டில தனியா, நான் வாறது வரைக்கும் அசையாம ஒரே எடத்தில இருப்பா. மலைக்குக் கொண்டு போனா ஒரு மழைக்குத் தாங்கமாட்டா. விட்டுட்டுப் போனா—

— இன்னும் கொஞ்சம் ஒரக்க.

— விட்டுட்டுப் போனா அந்த வீட்டில யாரு விளக்கு வைப்பா? விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரணும்ணாக்கும் இந்தச் சைக்கிளே வாங்கினது.

— இப்பம் நல்லா கேட்டுது. இதை நீ தாசில்தாருகிட்டச் சொன்னியா?

— அவருகிட்ட யாரு பேச? காட்டாக்கடைக்காரரு. இந்த எல்லையில அவரைப் பிடிச்சு நிறுத்த மாமா உண்டா, ஆசான் உண்டா? குளத்தூர்ல பெண்டாட்டி வீட்டில தாமசம். அவரும் ஒரு சைக்கிள் வச்சிருக்காரு, எந்த வழி வாறாருண்ணு ஒருத்தருக்கும் தெரியாது. பாத்தா நாற்காலியில இருக்காரு. அவரு வந்து உக்காந்த பெறவாக்கும் சேவகன் கிருஷ்ணன்குட்டி மணி அடிக்கது. அதுக்குப் பெறவு படி ஏறினவனுக்குத் தொலைஞ்சுது. அடுத்தவன் நோவு அறியாத கல்லு மாமா அது. கல்லுக்கு ஒரு வயிறு, வயித்துக்கு மேல ஒரு கோட்டு—

— அதை மெள்ளச் சொன்னா போதும். அது எனக்கு நல்லா கேக்குது.

— உள்ள யாரோ இருமுகாங்க.

— பசுவாக்கும். சுக்கு கூடிப் போச்சு.

— மாமா, மணி இன்னும் அடிக்கல்ல. கேட்டியளா? வெயில் தென்னை அடி வரைக்கும் இறங்கியாச்சு, இந்நேரம் அடிச்சிருக்கணும். அங்க பாருங்க, சுயம்புக்க தோணியும் இக்கரையில கெட்டித்தான் கிடக்கு. யாரையோ எதிர்பாத்து நிக்கான். இப்பம் விட்டியன்னா நான் சேந்துருவேன்.

— சேரலாம்.

— அப்பம் சொல்லுங்க.

— காப்பியைக் குடி. மணி அடிக்காது.

— நீங்க சொன்னா கச்சேரி மணி நிக்குமா? இதும் தலைப்பாகை மாதிரியா?

— நான் இல்லாததைச் சொல்லுகதில்ல மக்கா. காட்டாக்கடையில நான் இருந்தப்போ, எனக்குக் கீழ நகல் எழுத ஒரு பையன் வந்தான். மரியாதை தெரிஞ்ச பையன். எங்க கண்டாலும் நிண்ணு, துண்டை எடுத்து, நான் விடை தராம காலை அசைக்கமாட்டான். இப்பம் பெரிய நிலையில ஆயாச்சு. ஆனாலும் அந்தக் குணம் மாறல்ல, கேட்டியா. இண்ணு காலையில இந்த வழியா வேகமாப் போனான். ஆளில்லாத வழிண்ணு யாரோ சொன்னாங்களாம். நான் எலேண்ணு ஒரு சத்தம்தான் போட்டேன்.

— மாமா.

— சொல்லு.

— அந்த ஓலைக்கு அடியில இருக்கப்பட்ட சாமானம்—

— சைக்கிளு.

— அப்பம் உள்ள இருமினது—

— சொர்ணம், அந்தத் தட்டியைக் கொஞ்சம் நீக்கி வை. காத்து வரட்டும்.

— கைலாசநாதம் பிள்ளே, தேவிகுளமும் இல்ல ஒண்ணும் இல்ல, வயித்துக் காரியத்தையும் நான் காதில வாங்கல்ல. இந்த அண்ணாச்சிகிட்ட நம்ம ரெண்டு பேருக்குமாச் சேத்து விடை வாங்கித் தாரும், நான் விடியக்காலம் முதல் கேட்டுட்டு இருக்கேன், தரமாட்டேங்காரு.