மூணு தடவ டிம் அடிச்சா

ஐயையோ, காலையெல்லாம் தொடாதீங்க அம்மிணி. எந்திரிங்க. நாலு பேரு பாக்கறாங்க, எந்திரிங்க சாமி. நான் என்னத்தப் பெருசாச் செஞ்சுபோட்டன்? ரோட்டோரம் கெடந்த மனுசன வண்டில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தன், அவ்வளவுதானுங்க. இப்படி இந்த பெஞ்சுல உக்காருங்க. டீ ஆறுது பாருங்க, ஒரு வாயாவது குடிங்க. கொழந்தையப் பக்கத்தூட்ல உட்டுட்டு வந்தன்னீங்களே, கனிஷ்காவா பேரு? அது இந்நேரத்துக்குச் சாப்புட்டிருக்கும். வெசனப்படாதீங்க. உள்ள ரெண்டு டாக்டரு இருக்கறாங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கறாங்க.

என்ற பேருங்களா? காளியண்ணன். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துலதான் ஊடு. கோழித் தீவனம் ஏத்தற சின்ன லோடு வண்டி வெச்சிருக்கறனுங்க. அதுக்கு முன்னால இருவத்திரெண்டு வருசம் லாரி. நாக்பூரு, கல்கத்தான்னு போகாத ஊரில்ல. ஒரு கோழியக்கூட அடிச்சதில்லீங்க, நெசமா.

எனக்கு டீ வேண்டாமுங்க. அதான் கிளாசக் கீழ வெச்சுட்டன். ரத்தத்தப் பாத்ததுனால இல்லீங்க. லாரி ஓட்டுனவன் பாக்காத ரத்தமா? இது பயமுங்க. அந்த டாக்டரு மறுக்கா வெளிய வந்து கேட்டாரே, எத்தன நேரம் நெனவில்லாமக் கெடந்தாருன்னு. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்குது, இங்கயே பாக்கறதா, சேலத்துக்கு அனுப்பறதான்னு ரோசன பண்ணறாங்களாம். அதுக்கு உழுந்த நேரம் சரியாத் தெரியோணும்ங்கறாரு. அவரு அதக் கேட்டதுலருந்து அந்தக் கதவையேதான் பாத்துட்டிருக்கறனுங்க.

அம்மிணி, ஹெச்ஐடி பல்புன்னா தெரியுங்களா? இந்த நேரத்துல பல்பப் பத்திப் பேசறானே, கிறுக்கனான்னு பாக்கறீங்க. பேச உடுங்க.

வண்டிகள்ல மஞ்சளா எரியுமே, அது கம்பெனில போட்டுக் குடுக்கற பல்புங்க. இது வேற. பால் வெள்ளையா, நீலம் பாஞ்ச மாதிரி எரியும். பளீர்னு இருக்கும். கூடவே ஒரு சின்ன டப்பா, ரெண்டு ஒயரு, கடைல வாங்கிக் குடுத்தா அரை மணி நேரத்துல மாட்டி உட்ருவாங்க. நான் ஆடி மாசம் மாட்டுனனுங்க. எலக்ட்ரீசியன் குமாரசாமி அப்பவே சொன்னான். அண்ணா, இது மஞ்ச பல்புக்குன்னு செஞ்ச கூடு, இதுக்குள்ள இந்த பல்பப் போட்டா வெளிச்சம் ரோட்டுல உழுகாது, நாலாபக்கமும் செதறும், எதுக்கால வர்றவன் கண்ணு போயிரும்னான். நீ மாட்டுடா, எனக்குப் பாடம் நடத்தாதன்னு சொன்னன்.

எதுக்கு மாட்டுனன்னு கேக்கறீங்களா? அங்கதானுங்க வாரேன். எனக்குக் கண்ணுல பொரைங்க. ரெண்டு கண்ணுலயும். போன வருசமே ஆபரேசன் பண்ணச் சொல்லீட்டாங்க. ஊட்ல சொல்லல. சொன்னா சாவியப் புடுங்கி வெச்சுருவா. பொழுதெறங்கி வண்டி ஓட்டையில எல்லாம் மங்கலா, பொகை போட்டாப்பல இருக்கும். ஒருக்கா அப்படித்தான், எருமப்பட்டிக்கிட்ட ஒரு வயசானவரு சைக்கிளத் தள்ளீட்டுப் போறாரு, கிட்டப் போனப்பறந்தான் தெரியுது. ஒரு மொழந்தான் தள்ளி, இடிக்காமப் போயிட்டன். அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சோறு எறங்கலீங்க. யாரையாச்சும் அடிச்சுப்புடுவனோங்கற பயம். அந்தப் பயத்துலதான் வெள்ளை லைட்டுப் போட்டன். கண்ணு தெரியாட்டி கண்ண வைத்தியம் பாக்கோணும், நான் பல்ப மாத்துனன். யாரும் சாகக் கூடாதுன்னு போட்டதுங்க அது. நம்பறீங்களா?

இல்லீங்க, அவரப் பத்தித்தான் சொல்லீட்டிருக்கறன். சித்த பொறுங்க.

லாரிக்காரங்க எதுக்கால வர்றவன்கூட லைட்லதானுங்க பேசுவம். ஒருக்கா டிம் அடிச்சா, நான் வாரேன், நீ நில்லுன்னு. ரெண்டு தடவ அடிச்சா உன்ற வண்டில என்னமோ தொங்குது, எறங்கிப் பாருன்னு. மூணு தடவ டிம் அடிச்சா முன்னால செக்கிங் நிக்குது, சூதானமாப் போன்னு. மொகந் தெரியாதவன் செய்யற ஒவகாரமுங்க அது. அதுக்குப் பதிலா நாம ஒருக்கா பிரைட்டத் தூக்கிப் போடுவம். நன்றீன்னு அர்த்தம். என்ற காலத்துல அதச் செய்யாதவன மனுசன்லயே சேக்க மாட்டம்.

இந்த வெள்ளை லைட்டப் போட்டதுலருந்து ரோட்டுல வண்டிய நிறுத்தி செக்கிங் பண்ணற பிரேக் இன்ஸ்பெக்டருன்னா எனக்குப் பயமுங்க. புடிச்சா அபராதம் மட்டுமில்லீங்க, லைசென்ச வாங்கிப் பாப்பாங்க, கண்ணு டெஸ்ட்டுன்னுவாங்க, அதோட என்ற பொழப்பு முடிஞ்சுது. அதுனால ரோட்டுல போறப்பெல்லாம் மனசு பூராவும் செக்கிங்லயே கெடக்கும்.

இன்னிக்கு ஏழு மணி இருக்குமுங்க. கோழிப்பண்ணைல தீவன மூட்டைய எறக்கீட்டு வெறும் வண்டியா வாரேன். தூறல். ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லு தாண்டி ஒரு வளைவு வருமே, சின்னப் பாலம். அங்க எதுக்கால ஒத்த லைட்டு வருது. பைக்கு. தூரத்துலயே மூணு தடவ டிம் அடிச்சாருங்க. டக்கு, டக்கு, டக்குன்னு.

ஆமாங்க. உங்கற ஊட்டுக்காரருதான்.

கண்ணு கூசுது, லைட்ட எறக்குடா, ரோடு தெரியலடான்னு கெஞ்சியிருக்கறாருங்க அவரு. எனக்கு அது எப்படித் தெரிஞ்சுது தெரியுங்களா? முன்னால செக்கிங்னு தெரிஞ்சுது. ஆரு பெத்த புள்ளையோ, மகராசன், மெனக்கெட்டுச் சொல்லீட்டுப் போறானேன்னு நெனச்சனுங்க. நெனச்சு, நன்றி சொன்னன். பிரைட்டத் தூக்கி நேரா அவரு மொகத்துல போட்டன்.

உக்காருங்க அம்மிணி. அடிக்கோணும்னா அடிங்க, வாங்கிக்கறன். கத்தாதீங்க, நர்ஸம்மா உங்கள வெளிய அனுப்பீருவாங்க, நீங்க இங்க இருக்கோணும். போலீசுங்களா? அவரு கேட்டப்ப ரோட்டோரம் உழுந்து கெடந்தாருன்னுதான் சொன்னன். காப்பாத்துனவருன்னு என்ற பேர எழுதிக்கிட்டு, கையப் புடிச்சுக் குலுக்கீட்டுப் போறாருங்க அந்த மனுசன். அந்தக் கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கறன். நாளைக்கு நானே ஸ்டேசனுக்குப் போறன், உங்ககூடவே வாரேன்னாலும் வாரேன். வண்டி எங்கயும் போகாது, வெளியதான் நிக்குது.

என்னங்க?

தெரியாமச் செஞ்சதுங்கறீங்களா? ஒடனே திரும்பி வந்து தூக்கீட்டு வந்தீங்களே, உட்டுட்டுப் போறவங்க எத்தன பேருங்கறீங்களா? அப்படிச் சொல்லாதீங்க அம்மிணி. நீங்க திட்டறப்பக்கூட உக்காந்திருந்தன். இதக் கேட்டுட்டு உக்கார முடியல.

அவரத் தாண்டிப் போயி கண்ணாடில பாத்தனுங்க. பின்னால செவப்பு லைட்டு தெரியோணுமில்ல? தெரியல. காட்டு வழில திரும்பியிருப்பாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டன். அங்க காட்டு வழியே இல்லீங்க, இருவது வருசமாப் போற ரோடு, எனக்குத் தெரியாதா? ஆனா மனசு செக்கிங், செக்கிங்னே அடிச்சுக்குது. பாலம் தாண்டி நூறு அடிதான் போயிருப்பன். ஒரு புளியமரத்தடில ஓரங்கட்டி நிறுத்துனன். பழைய மஞ்ச பல்பு ரெண்டும் டேஷ்போர்டுலயேதான் கெடந்துது. இங்கயே மாத்தீட்டுப் போயிருவம்னு இஞ்சின ஆஃப் பண்ணுனன்.

ஆஃப் பண்ணுனப்பறந்தானுங்க அந்தச் சத்தம் கேட்டுது. பாலத்துக்குக் கீழருந்து. போன் அடிக்கற சத்தம்.

அப்பவே எல்லாந் தெரிஞ்சு போச்சுங்க. எதுக்கு டிம் அடிச்சாருன்னும் தெரிஞ்சுது, எங்க கெடக்கறாருன்னும் தெரிஞ்சுது. ஓடியிருக்கோணும். இதே காலுதான் இருந்துது, ஓடல. ஆளுக வந்தா வெள்ளை லைட்டப் பாப்பாங்களே, இதுதான் காரணம்னு புடிச்சுக்குவாங்களேன்னு தோணுச்சு. வேற ஒண்ணுமே தோணல. பேனட்டத் தூக்கி, செல்போன வாயில கவ்வீட்டு, அந்த வெளிச்சத்துல பல்ப மாத்துனன். கிளிப்பு சிக்கிக்கிச்சு. கழட்டுன பல்பையும் டப்பாவையும் மூட்டக் கோணிக்குள்ள சுருட்டி சீட்டுக்கு அடில வெச்சன். அந்தப்பக்கம் போன் நிக்கறதும் அடிக்கறதுமா இருக்குது. மூணு தடவ அடிச்சுது. ரெண்டு பல்பும் மாத்தி, ரெண்டும் எரியுதான்னு போட்டுப் பாத்துட்டு, நாலாவது தடவ அடிக்கையிலதானுங்க எறங்கிப் போனன். அந்த ஓடைத் தண்ணிக்குப் பக்கத்துலருந்து நான் எடுத்துப் பேசுனது நாலாவது போனுங்க.

டாக்டர்கிட்ட அஞ்சு நிமிசந்தான் ஆச்சு, உழுகற சத்தங் கேட்டுது, ஒடனே தூக்கீட்டன்னு சொல்லியிருக்கறன். அத நம்பித்தான் உள்ள வைத்தியம் நடக்குது. அந்தா, கதவு தொறக்குது, அவருதான் வாராரு. நானே சொல்ல எனக்கு நாக்கு எழாதுங்க. உழுந்த நேரம் உங்கற போனுல இருக்கும். நீங்க மொத தடவ கூப்புட்டது எத்தன மணிக்குன்னு பாத்து டாக்டர்கிட்டச் சொல்லீருங்க அம்மிணி.