கசக்காத மாத்திரை

பிறத்தியார் பொருள் வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், மறுநாளே கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, நாலு முறுக்காவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். அதனால்தான் உங்கள் நர்ஸ் ஷில்பா இன்று காலை வந்து, "மீதி மாத்திரை இருந்தா குடுத்துடுங்க ஆன்ட்டி, மார்ஃபின் ஆச்சே, நாங்க கணக்கு காட்டணும்" என்று கேட்டதும், அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவை அப்படியே எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். அதில் ஒன்றுகூடக் குறையாது. நான் திருடியதில்லை.

மூடியைத் திறந்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீராம்புரத்துப் பெண், எத்தனையோ சாவு பார்த்தவள், இதற்குப் போய் அழுகிறாள். பிறகு உங்களுக்குப் போன் செய்தாள். நீங்களும் வந்தீர்கள், டாக்டர் சேஷகிரி. இலவசமாக வைத்தியம் பார்க்கிறவர், இந்த டிராஃபிக்கில் ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் வந்தது பெரிய மனசு. டப்பாவைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஒரே ஒரு சொல் கேட்டீர்கள். "யாக்கம்மா?" ஏன் என்கிறீர்கள். உங்களுக்குத் தமிழ் புரியும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஞானசேகரனை நீங்கள் படுக்கையில்தான் பார்த்திருக்கிறீர்கள். எழுந்து நின்றால் வாட்டசாட்டமான மனிதர். சபைப் பாடகர் குழுவில் பேஸ், கனத்த அடிக்குரல். அவர் தொண்டையைச் செருமினால் பின்வரிசைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும். ஆனால் இராப்போஜன ஆராதனையில், எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, அவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். முப்பது வருஷமாக அப்படித்தான். நான் தனியாகப் போய் முழங்காலிட்டுவிட்டு வருவேன். எங்கள் சபையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடுகிறவர்கள், இந்த நேரத்தில் மட்டும் நன்றாகத் திறந்து வைத்திருப்பார்கள். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மாதா மாதம் யாராவது கேட்பார்கள். அக்கறைக்கு எங்கள் சபையில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

ஏன் போவதில்லை என்று ஆரம்பத்தில் கேட்டேன். "நான் தகுதியில்லாதவன், பவுலின்" என்றார். அவ்வளவுதான்.

நான் வேதபாடமும் நன்னெறியும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மக்கு இல்லை. அவர் இராப்போஜனத்தை நிறுத்தியது எங்கள் ஜாய்சன் இறந்த வருஷம். எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை. எனக்கு ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், நான் நினைவில்லாமல் கிடந்தேன். குழந்தை மெஷினில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டதாம். கண் விழித்ததும் நான் பார்த்த முதல் முகம் அவருடையது இல்லை, மௌரீனுடையது. பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவள், சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருந்தவள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவரை அவள்தான் கொண்டுபோய் விட்டாளாம். கல்லறையில் பெற்றவளைவிட அதிகமாக அழுதாள். அடுத்த மாதமே அவர் இராப்போஜனத்துக்கு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். இதைக் கூட்டிப் பார்க்கக் கணக்கு டீச்சர் வேண்டியதில்லை.

நான் சண்டை போடவில்லை. நல்ல கிறிஸ்தவ மனைவி சண்டை போடமாட்டாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அப்புறம் அவருக்குக் கேன்சர் வந்தது. முதுகெலும்புக்குப் பரவிவிட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் ஆனது என்று சொல்லி நீங்கள் மார்ஃபின் கொடுத்தீர்கள். முதல் வாரம் நான் ஒழுங்காகவே கொடுத்தேன், ஷில்பாவைக் கேளுங்கள். ஆள் அடியோடு மாறிவிட்டார். நன்றாகத் தூங்கினார். எழுந்ததும் மட்டன் சாப்ஸ் கேட்டார். கிரிக்கெட் பார்த்தார். படுத்தபடியே பேஸ் குரலில் பாடினார். ஒரு நாள் என்னிடம், "சாவு இவ்ளோ ஈஸின்னு தெரிஞ்சிருந்தா இத்தன நாள் பயந்தே இருக்க மாட்டேன், பவுலின்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷப் பாவத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, சாப்ஸ் சாப்பிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஒருவர் கர்த்தருடைய நியாயாசனத்துக்கு முன் போய் நிற்கப் போகிறார். தூக்கத்திலேயே போய்விட்டால் எப்போது மனந்திரும்புவது? உங்கள் மாத்திரைக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு இருந்தது.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். இந்த வருஷம் எங்கள் சபையில் புதன்கிழமைதோறும், இக்காலச் சிக்கல்களும் கிறிஸ்தவப் பார்வையும் என்று சொற்பொழிவு ஏற்பாடு செய்திருந்தோம். மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில் சுண்டல் முதல் மைக் வரை என் பொறுப்பு. ஒரு வாரம் டெஸ்ட் டியூப் குழந்தை, ஒரு வாரம் வாடகைத் தாய். உடலுறுப்பு தானம் பற்றிப் பேசிய அன்று எல்லாரும் கண்கலங்கினார்கள், ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கருணைக்கொலைக்கு என்றே ஒரு இறையியல் டாக்டரை விமானத்தில் வரவழைத்தோம். அவர் திரையில் படம் படமாகக் காட்டிவிட்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஜெபத்தோடு சிந்திப்போம் என்று முடித்தார். இதற்கு விமானம் எதற்கு என்று தெரியவில்லை, பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொன்னார். சாகப் போகிறவருடைய தெளிந்த புத்தி தேவன் தந்த ஈவு, ஒப்புரவாவதற்கான கடைசித் தருணம் என்றார். வலியைத் தணிப்பதும் கிறிஸ்தவக் கடமை என்று அதே மூச்சில் சொன்னார். இரண்டில் எது பெரிது என்று சொல்லவில்லை. ஆகவே நானே முடிவு செய்தேன்.

கருணைக்கொலைக்கு நான் பரம விரோதி, டாக்டர். அதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் ஆயுசில் நான் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஈஸ்டர் தாண்டாது என்று நீங்கள் சொன்னீர்கள். தாண்டினார்.

அதே அளவில், சின்னதாக, வெள்ளையாக வைட்டமின் மாத்திரை கிடைக்கிறது. நல்ல கம்பெனியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும் என்று நீங்கள் கூடவே ஒரு மருந்து கொடுத்தீர்களே, அதை வேளை தவறாமல் கொடுத்தேன். ஒரு நாள் அவர், "மாத்திர இப்பல்லாம் கசக்கறதே இல்லயே" என்றார். நோயில் நாக்கு செத்துவிட்டது என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்காக அன்றைக்கே கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வலி எப்படி இருந்திருக்கும் என்று டாக்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையணை ஓரத்தைக் கடித்துக்கொள்வார். உறையைத் தினமும் மாற்றினேன், அழுக்கு எனக்கு ஆகாது. பத்துக்கு எத்தனை வலி என்று ஷில்பா கேட்பாள், ஒன்பது என்பார். அவள் உங்களுக்குச் சொல்வாள், நீங்கள் அளவைக் கூட்டுவீர்கள். மறுபடியும் கேட்பாள், மறுபடியும் கூட்டுவீர்கள். உங்களை நினைத்துப் பாவமாக இருந்தது. டப்பாவும் சீக்கிரம் நிறைந்துகொண்டு வந்தது.

மத்தியானங்களில் வலி உச்சத்துக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏதாவது சொல்லணுமாங்க?"

"வலிக்குது பவுலின்."

"அது தெரியுது. வேற ஏதாவது?"

குருத்தோலை ஞாயிறு கழிந்து பாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார். பாஸ்டர் சின்னப் பையன், போன வருஷம்தான் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தவர். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்கிள் ரொம்பப் பெரிய பாரத்தைச் சுமந்துட்டு இருந்திருக்கார் ஆன்ட்டி. ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டார். என்னன்னு நான் சொல்லக் கூடாது, நீங்களே கேளுங்க" என்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அன்று படுக்கையிலேயே இராப்போஜனம் எடுத்தார். நான் கூட முழங்காலிட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து அசல் மாத்திரையைக் கையில் எடுத்தேன், டாக்டர். மறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். நான் சொன்ன நியாயப்படி பார்த்தால் காரியம் முடிந்துவிட்டது. ஆத்துமா பிழைத்துவிட்டது, மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். திரும்ப டப்பாவிலேயே போட்டேன். கர்த்தர் மன்னித்துவிட்டார், சரி, அவர் தாராளமானவர். நேற்று வந்த பையனிடம் சொல்லியாயிற்று. அத்தனை பேர் பார்க்கத் தனியாக நடந்து போய் முழங்காலிட்ட என்னிடம்? ஒரு பெயர். அதை என்னிடம் ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தேன். அதிகமாக ஆசைப்பட்டேனா?

ஈஸ்டர் கழிந்து ஒரு மத்தியானம் அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீ குடுக்கறது அந்த மாத்திர இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"கசப்பு நின்னதுலருந்து."

"ஷில்பாகிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு விஷயம் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். தண்டனன்னு வாங்கிக்கிட்டேன்."

பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

"ஜாய்சன்" என்றார்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "மூளையில ரத்தம், பொழைக்காது, கஷ்டப்படுத்த வேணாம், மெஷின எடுத்துடலாமான்னு டாக்டர் கேட்டாரு. நீ மயக்கத்துல இருந்தே. எடுங்கன்னு சொல்லிட்டேன். என் கையிலதான் போச்சு, பவுலின். மௌரீன் மட்டும்தான் பாத்தா, யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பிள்ளையக் கொன்ன கையால அப்பம் வாங்க முடியல."

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"நான் கேட்ட பேரு அது இல்லங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மாத்திரை கேட்கவே இல்லை. ஷில்பா கேட்டால் மட்டும், பரவாயில்லம்மா என்பார். சில நாள் இருந்தார். டப்பாவில் மேலாகக் கிடக்கிறதே, அந்த அட்டைகள் அந்த நாட்களுக்கு உரியவை.

காபி ஆறிவிட்டது, வேறு போட்டுத் தரட்டுமா? ஷில்பாவை முகம் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் போலீசிடம் சொல்வதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மருந்தை நிறுத்தியது நான். ஒருவர் தூண்டுதலும் கிடையாது, தெளிந்த புத்தியோடுதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சாகிற நேரத்திலும் அந்த மௌரீனைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையின் பெயரை இழுத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாஸ்டரும், காலையில் வந்தவரிடம் நான் இதைச் சொல்லிக் கேட்டதும், அங்கிள் தன்னிடமும் அதையேதான் சொன்னார் என்கிறார். அவருக்கு என்ன வயசு, நம்பியிருப்பார். நான் நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், டாக்டர். அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அந்த மத்தியானமே நான் எழுந்து போய் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருப்பேன். கொடுக்கவில்லை. ஆகவே அது உண்மையாக இருக்க முடியாது.