ஓடைக்கரை நொச்சி

குடிங்க வி.ஏ.ஓ. சார், சும்மா குடிங்க. எதுக்கு சொம்பைத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க? எங்க ஊத்துல மொண்டதுதான், மருந்து வாடை அடிக்காது. உங்களுக்கே பயம் வந்துடுச்சு பாருங்க.

ஆமாங்க, ஓடை பூரா அப்படித்தான் ஆயிப்போச்சு. பக்கத்துக் காட்டு அர்ச்சுனன் கரையில இருந்த நொச்சி, புங்கன், கோரை எல்லாத்தையும் வழிச்சுட்டுத் தண்ணி ஓரம் வரைக்கும் தக்காளி வெச்சிருக்காரு. மழை பேஞ்சா சேறும் அடிச்ச மருந்தும் நேரா ஓடையிலதான் எறங்குது. போன ஐப்பசியில கீழத்தெரு சனம் பாதி வயித்தால போயி ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அவரு தக்காளி மட்டும் ஜம்முனு பாலக்கோட்டுச் சந்தைக்கு வண்டி ஏறுச்சு.

எங்க ஊத்து மட்டும் எப்படிங்கறீங்களா? எங்கூட்டுக்காரரு சவரிமுத்து எங்க காட்டோரக் கரை நொச்சி, புங்கன் மேல அருவா வெக்க வுடமாட்டாரு. காட்டுல இருந்து வர்ற சேறு அந்த நொச்சியிலயே சிக்கி நின்னுக்கும். கரையடியில கசியறதுதான் ஊத்துத் தண்ணி. அவரு போயி நாலு வருசமாச்சு, இன்னிக்கும் தெருவே இங்கதான் மொண்டுக்குது.

பொதரைக் காத்துக்கிட்டுக் கெடக்கறா பைத்தியக்காரின்னு ஊரு சிரிச்சுது. சிரிக்கட்டும்னு வுட்டேன். ஆனா நீங்க சிரிக்கலீங்களே, எழுதிட்டீங்களே! அர்ச்சுனன் ஓட்டுன கரைய அவரு பேருல கணக்குல ஏத்துனது நீங்கதான? ஓடைப் பொறம்போக்க ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு எங்கிட்டச் சொன்னதும் இதே வாயிதான? இல்லீங்க, கோவமில்ல. கோவந்தான், சரி, இருக்கட்டும்.

இப்ப அவரு எங்க கரையையும் ஓட்டப்போறேங்கறாரு. மனு எழுதிக்கிட்டு உங்ககிட்டதான் ஓடியாந்தேன். பயிரு இருந்தாத்தான் பேரு எழுத முடியும், பொதருக்கெல்லாம் எழுத முடியாதுன்னீங்க. மரம் நிக்குதே சார்ன்னேன். நீ நட்டதா, தானா மொளைச்சதான்னீங்க. தானா மொளைச்சதுன்னு உண்மையச் சொன்னேன், அதுதான் நான் பண்ண தப்பு.

இன்னொரு சொம்பு கொண்டாரட்டுங்களா? குடிச்சுட்டுக் கரைக்குப் போயிப் பாத்து எழுதிக்கங்க. தக்காளி நாத்து, நாலு பாத்தி. இன்னாசியம்மாள், சவரிமுத்து சம்சாரம். ஆமாங்க, நொச்சியெல்லாம் முந்தாநேத்து நானேதான் வெட்டிப்போட்டேன். அழுதுக்கிட்டேதான் வெட்டுனேன். புங்கனுக்கு மட்டும் ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு.

தெரு சனத்துக்கு இன்னும் சொல்லலீங்க. மொத மழை வரைக்கும் ஊத்து தெளிவாத்தான் இருக்கும். மேக்க பாருங்க, கருத்துக்கிட்டு வருது. சீக்கிரம் குடிங்க சார்.