தோள் வரை வந்த கை

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருப்பது சரி. வயது ஐம்பத்து நான்கு. சொந்த வேனில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன். என் பெயரும் எண்களும் தவிர எழுத வராது. தெரிந்தவர்கள் என்னைக் கேசட் என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை இதே போலீஸ் நிலையத்தில் நான் சொன்னபோது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதைத் திருத்தவே இன்று நானாக வந்தேன்.

இறந்துபோனவர் என் அக்காள் புருஷன். லேத் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்குள் சொத்துத் தகராறோ வேறு விரோதமோ கிடையாது. இருந்த ஒரே தகராறு பாட்டுத் தகராறு.

வேனை நான் பழையதாக வாங்கியபோது அதன் டேப்பில் ஒரு கேசட் சிக்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பியும் வரவில்லை. ஆறு மாதம் அதையேதான் கேட்டேன். இந்தக் கதை வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். இது இல்லாமல் மற்றது விளங்காது என்பதால் சொல்கிறேன். அதில் நான்கு பேர் கொண்ட ஒரு ராக் கோஷ்டி ஒரே பாட்டை முக்கால் மணி நேரம் வாசித்திருந்தது. பாட்டு என்னவோ ஐந்து நிமிடம்தான். மீதியெல்லாம் மேடையிலேயே யோசித்து மேடையிலேயே வாசிப்பது. இன்று வாசித்தது நாளைக்கு வராது. பாஷை புரியாவிட்டாலும் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு மச்சானை வேனில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். அவர் ஒரு மாதம் கழித்து, அதே மாதிரி வாசிக்கும் ஏழு பேர் கோஷ்டி ஒன்றைக் கண்டுபிடித்து, இதுதான் உசத்தி என்றார்.

அவருடைய ஏழு பேரும் வழி தெரியாமல் சுற்றுகிறார்கள் என்பேன். "தெரிஞ்ச வழியில போறதுக்கு பஸ் இருக்கு மாப்ளே. உன் ஆளுங்க கண்டக்டருங்க" என்பார். மற்ற ஐந்து பேர் தூங்கிவிடாமல் இருக்கத்தான் இரண்டு பேர் டிரம்ஸ் அடிக்கிறார்கள் என்று நானும் விடமாட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு வாரம் அவர் கோஷ்டி, ஒரு வாரம் என் கோஷ்டி என்று கேட்டு வந்தோம். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் இரண்டு பக்கமும் சேராதவர்; அவருக்கு அம்பயர் என்று பெயர் வைத்தோம். விதிகள் மூன்று. பாட்டு முடியும் வரை யாரும் பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. எதிராளியின் கோஷ்டி மனதை அசைத்துவிட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக இரண்டு பேரில் யாரும் தூக்கியதில்லை.

போன ஞாயிறு மூன்று மணிக்கு என் முறை. நாற்பத்தொரு நிமிடப் பாட்டு. மச்சான் எப்போதும் போல லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் சட்டை நனைந்திருந்தது. தகரக் கூரை என்பதால் என் சட்டையும் நனைந்துதான் இருந்தது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கிடார் மெதுவாக இறங்கி, டிரம்ஸ் முழுவதும் நின்று, மறுபடி எழும்பும் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் மச்சானின் வலது கை மேலே வந்தது. விரல்கள் விரிந்திருந்தன. கை தோள் வரை வந்து மடியில் விழுந்தது.

அம்பயர் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரும்படி கை காட்டினேன். அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். தலைக்கு மேல் போகவில்லை, செல்லாது என்று அர்த்தம். செல்லும் என்று நான் விரலை ஆட்டினேன். இப்படிச் சத்தமில்லாமல் ஒரு நிமிடம் வாதாடினோம். அதன் பிறகு விதிப் புத்தகமாக வைத்திருந்த நோட்டை எடுத்து 23 என்று எழுதிப் பக்கத்தில் டிக் போட்டேன். மீதிப் பதினெட்டு நிமிடமும் நான் மச்சானைப் பார்க்கவில்லை. பாட்டைத்தான் கேட்டேன். அன்றைக்குப் போல அது எனக்கு என்றுமே இனித்ததில்லை.

பாட்டு முடிந்ததும், "என்ன மச்சான், ஒத்துக்கிட்டீங்களா?" என்று தோளைத் தட்டினேன். அவர் லேத் பக்கமாகச் சரிந்தார்.

அதன் பிறகு நானும் அம்பயரும் அவரைத் தூக்கி வேனில் போட்டு, வீட்டு வாசலில் அக்காளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரடைப்பு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அக்காள் வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து, "கூப்பிடலையாடா? கைய கிய ஆட்டலையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. தூங்குற மாதிரிதான் இருந்தாரு" என்றேன். திங்கட்கிழமை இங்கும் அதையேதான் சொன்னேன். எனக்காக அம்பயரும் அப்படியே சொன்னார். அவர் மேல் தப்பில்லை. எழுந்திருக்கப் பார்த்தவர் அவர், உட்காரவைத்தவன் நான். அக்காளுக்கு இது இன்னும் தெரியாது. இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன்.

நோட்டை ஒப்படைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் டிக்கும் என் கையால் போட்டவை. அந்த டிக்கின் மேல் கோடு கிழிக்க அதிகாரியிடம் பேனா கேட்டேன். சாட்சியத்தில் கை வைக்கக் கூடாது என்றார். ஆகையால் இதில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: கை தோள் வரைதான் வந்தது. என் மச்சான் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை.

வாசித்துக் காட்டியதைக் காதால் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்)